ஒரு பக்கத்துக்குக் காசா, மொத்தமாகச் சந்தாவா? இணையத்தில் வம்சாவளி தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுகிறீர்கள். நாற்பது முடிவுகள் வந்து நிற்கின்றன. ஊர் சரியாக இருக்கிறது, வயதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பக்கத்தில் 'படத்தைப் பார்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் காசு கேட்கிறது. ஒரு தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகக் கேட்கிறது, இன்னொன்று மாதச் சந்தா கட்டச் சொல்கிறது. எதில் பணத்தைப் போடுவது?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் எல்லோரும் 'எது மலிவு?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: யாரைத் தேடுகிறீர்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா, இல்லை இனிமேல்தான் துழாவப் போகிறீர்களா? ஆளைத் தெரிந்துகொண்டு ஆதாரம் மட்டும் எடுக்கப் போகிறவருக்குப் பக்கக் கட்டணம். இருட்டில் கைநீட்டித் துழாவப் போகிறவருக்குச் சந்தா. ஒரே குடும்பத்தைத் தேடும்போதே இந்த இரண்டு நிலையும் மாறி மாறி வரும். அதனால் இரண்டையும் எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்வதில்தான் காசு மிச்சமாகும்.

கட்டணம் ஏன் இப்படி இருக்கிறது

பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அரசு ஆவணக்காப்பகங்களிலும் தேவாலயங்களிலும் இருப்பவை. அவற்றைச் சீர்செய்து, படம் பிடித்து, கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து, தேடக்கூடிய அட்டவணையாக்கப் பெரும் செலவாகும். பல காப்பகங்கள் அந்தச் செலவைத் தனியார் நிறுவனத்திடம் விட்டு, பதிலுக்குச் சில ஆண்டுகள் வெளியிடும் உரிமையைக் கொடுக்கின்றன. போட்ட பணத்தை எடுக்க, புதிய பதிவேடு வெளியாகும் வேகத்தில் அதைப் பக்கக் கட்டணத்தில் விற்பார்கள். ஆர்வம் தணிந்ததும் சந்தாவுக்குள் சேர்த்துவிடுவார்கள்.

இந்தப் பாதை பழையது. இங்கிலாந்து, வேல்ஸின் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2002 ஜனவரி 2 அன்று பக்கக் கட்டணத்தில் இணையத்துக்கு வந்தது. கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. 1939-ல் போர் தொடங்கிய கையோடு எடுக்கப்பட்ட மக்கள் பதிவேடு 2015 நவம்பரில் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளிச் சந்தாத் தளத்தில் வந்தபோது, ஒரு வீட்டின் விவரத்தைத் திறக்க 6.95 பவுண்டு. அடுத்த பிப்ரவரியிலேயே அது சந்தாவுக்குள் வந்துவிட்டது. 1921 கணக்கெடுப்பு அதே தளத்தில் 2022 ஜனவரி 6 அன்று வெளியானது. சுமார் 3.8 கோடிப் பேரின் விவரம் அடங்கிய அதில் எழுத்துப்படிக்கு (பதிவைப் படித்துத் தட்டச்சு செய்த வடிவம்) 2.50 பவுண்டு, மூலப் படத்துக்கு 3.50 பவுண்டு. பின்னர் அதுவும் உயர்நிலைச் சந்தாவுக்குள் போனது.

ஆகவே, புதிதாக வெளியான பதிவேட்டில் உங்களுக்கு ஒரே ஒரு வீடுதான் வேண்டும் என்றால் பக்கக் கட்டணம் கொடுத்து எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து வீடு வேண்டும், அவசரமும் இல்லை என்றால் பொறுத்திருங்கள்.

முதல் படி: காசு கேட்காத இடங்களை வற்றக் கறந்துவிடுங்கள்

பணம் கொடுக்கும் தளத்தில் கணக்குத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரமாவது இலவசத் தளங்களில் செலவிடுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தைப் பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து தேவாலயம் நடத்துகிறது. கணக்குத் தொடங்கினால் போதும், பணம் கிடையாது. சில படங்களை மட்டும் அவர்களுடைய மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ போய்த்தான் பார்க்க முடியும். அயர்லாந்தின் 1901, 1911 கணக்கெடுப்புகளும், நூறு ஆண்டு தாண்டிய பிறப்புப் பதிவுகளும் அந்நாட்டு அரசுத் தளங்களில் இலவசம். அமெரிக்கா 72 ஆண்டு கழித்துக் கணக்கெடுப்பைத் திறக்கும். 1950 கணக்கெடுப்பை 2022 ஏப்ரல் 1 அன்று அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகமே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. நார்வே, ஸ்வீடன் காப்பகங்களின் தளங்களும் இலவசம்தான்.

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் வேர் உள்ளவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பிறப்பு, திருமணம், இறப்புகளின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அந்தப் பதிவுகளுக்குத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த ஃப்ரீபிஎம்டி என்ற இணைய அட்டவணையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது பழைய அச்சு அட்டவணையின் நகல் என்பதால், பிறப்புக்கு நேரே தாயின் கன்னிப் பெயர் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்) 1911-ன் மூன்றாம் காலாண்டில் இருந்துதான் வரும். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள அட்டவணையில் அது 1837-லிருந்தே உண்டு. அதையும் இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரில் ஐந்து குழந்தைகள் இருக்கும்போது, தாயின் கன்னிப் பெயரை வைத்து நாலு பேரைக் கழித்துவிடலாம். 2024 ஏப்ரலில் விலை கூடிய பிறகு சான்றிதழ் 12.50 பவுண்டு, பழைய பிறப்பு, இறப்புப் பதிவின் டிஜிட்டல் படம் 3 பவுண்டு. நாலு தவறான சான்றிதழ் வாங்காமல் தப்பித்தால் 50 பவுண்டு மிச்சம். கன்னிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் தாய்க்கு அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை என்று பொருள். அந்தத் தகவலும் இலவசமாகவே கிடைக்கிறது.

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தையும் கேட்டுப் பாருங்கள். ஆன்செஸ்ட்ரி என்ற பெரிய சந்தாத் தளத்துக்கு நூலகப் பதிப்பு என்று ஒன்று உண்டு. சந்தா கட்டியிருக்கும் நூலகத்தின் கணினியில் உட்கார்ந்தால் உங்களுக்குச் செலவில்லை.

இரண்டாம் படி: கேள்வியை எழுதி வையுங்கள்

'என் குடும்பத்தைத் தேடுகிறேன்' என்று உட்கார்ந்தால் பணம் தண்ணீராக ஓடும். ஒரு தாளை எடுத்து, எந்த ஆளின் எந்த நிகழ்வு, எந்த ஊர், எந்த ஐந்தாண்டுக்குள் என்று வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். அட்டவணையில் ஒரே ஒரு ஆள்தான் பொருந்துகிறார் என்றால் 'உறுதி'. ஒருவருக்கு மேல் பொருந்தினால், அல்லது யாருமே பொருந்தவில்லை என்றால் 'துழாவல்'.

உறுதி வரிகள் பக்கக் கட்டணத்துக்குப் போகும். துழாவல் வரிகளைச் சேர்த்து வையுங்கள். அவை முப்பது நாற்பது சேரும்வரை சந்தா கட்ட வேண்டாம். இந்தப் பட்டியல் போடச் சோம்பல்பட்டு, ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு, முதல் இரண்டு வாரம் ஆர்வமாகப் பார்த்துப் பிறகு தளத்தையே மறந்துபோனவர்கள் ஏராளம். பணம் போனதைவிட, ஆர்வம் அடங்கிப்போய் அந்தக் குடும்பத்தின் கதை அப்படியே நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாம் படி: எந்த நாடு, எந்தப் பதிவு என்று பாருங்கள்

சில இடங்களில் உங்களுக்குத் தேர்வே கிடையாது. ஸ்காட்லாந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்கள் வேண்டுமென்றால் அந்நாட்டு அரசின் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளம்தான். அது முழுக்கக் கிரெடிட் முறை: முன்கூட்டியே காசு கொடுத்துப் புள்ளிகள் வாங்கி வைத்து, படம் திறக்கும்போது கழித்துக்கொள்வது. 30 கிரெடிட் 7.50 பவுண்டு, ஒரு படத்துக்கு 6 கிரெடிட் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் கணக்கு, அதாவது ஒரு படம் 1.50 பவுண்டு. தேடுவதற்குப் பணம் இல்லை. வாங்கிய படம் உங்கள் கணக்கில் நிற்கும், மறுபடி பார்க்கக் காசில்லை.

அந்த 1.50 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் பொதுவாக மூன்று பேர். முதல் கட்டத்தில் இறந்தவர் பெயர், தொழில், மணமானவரா, துணையின் பெயர். அடுத்து இறந்த நாள், மணி, இடம். பிறகு வயது. அதற்கடுத்த கட்டத்தில்தான் புதையல்: தந்தையின் பெயரும் தொழிலும், அதன் கீழே தாயின் பெயர், கன்னிப் பெயரோடு. அவர்கள் அப்போது உயிரோடு இல்லையென்றால் பக்கத்திலேயே 'காலமானவர்' என்று குறித்திருப்பார்கள். இந்த ஒரு சொல்லை வைத்தே அவர்களுடைய இறப்பை எந்த ஆண்டுக்கு முன்னால் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும், அடுத்த கிரெடிட் வீணாகாது. கடைசியில் தகவல் சொன்னவர் கையெழுத்து, இறந்தவருக்கு என்ன உறவு என்ற குறிப்போடு. எழுதத் தெரியாத மகள் போட்ட பெருக்கல் குறியை அங்கே பார்க்கும்போது கை ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடும். இடது ஓரத்தில் சிறிய எழுத்தில் 'ஆர்.சி.இ.' என்று ஒரு குறிப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். திருத்தப் பதிவேட்டில் இன்னொரு பதிவு இருக்கிறது என்று அர்த்தம். விபத்து மரணங்களில் உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும்.

இங்கிலாந்தின் பழைய இறப்புச் சான்றிதழில் பெரியவர் ஒருவருடைய பெற்றோர் பெயரே இருக்காது. திருமணப் பதிவிலும் தந்தைமார் பெயர் மட்டும்தான். தாய்மார் பெயர் 2021 மே மாதம்தான் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் திருமணப் பதிவில், அரசுப் பதிவு தொடங்கிய 1855-லிருந்தே மணமக்களின் பெற்றோர் நால்வர் பெயரும் உண்டு. ஒரு படம் ஒரு தலைமுறையையே மேலே ஏற்றிவிடுகிறது. அதனால் ஸ்காட்லாந்துக்குப் பக்கக் கட்டணம் நல்ல பேரம் என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கிலாந்து நேர்மாறு. பதிவுகளில் தகவல் குறைவு என்பதால் கணக்கெடுப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, உயில், செய்தித்தாள் என்று பல இடத்தில் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். சந்தா இல்லாமல் முடியாது. எந்தத் தளம் என்பதை மாவட்டம் தீர்மானிக்கும். லண்டன் தேவாலயப் பதிவேடுகளின் பெரும்பகுதி ஆன்செஸ்ட்ரியில் இருக்கிறது, ஸ்டாஃபர்ட்ஷயர் ஃபைண்ட்மைபாஸ்டில். எசெக்ஸ் மாவட்டக் காப்பகம் தனக்கென்று தனிச் சந்தாத் தளமே நடத்துகிறது. எல்லோரும் சொல்கிறார்களே என்று பெரிய தளத்தில் பணம் கட்டிவிட்டு, நம் ஊர்ப் பதிவேடே அங்கே இல்லை என்று பிறகு கண்டுபிடிப்பது கொடுமை. தளங்களின் பதிவுப் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். உங்கள் ஊர்த் தேவாலயத்தின் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று சரிபார்த்துவிட்டுத்தான் அட்டையை எடுக்க வேண்டும்.

காசு கேட்கும் செய்தித்தாள் காப்பகங்களுக்கு என் பரிந்துரை எப்போதும் சந்தாதான். கணினி படித்துத் தந்த எழுத்தில் பிழை அதிகம் இருக்கும். பத்துப் பக்கம் திறந்தால் ஒன்று தேறினாலே அதிர்ஷ்டம்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

மாதச் சந்தா 20 பவுண்டு, ஒரு படம் 1.50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 14-வது படத்தில் சந்தா மலிவாகிவிடுகிறது. இந்தக் கணக்கை எல்லோரும் போடுவார்கள். விட்டுவிடுவது தவறிப்போகும் படங்களை. பெயர் சாதாரணமானது, மூன்று திறந்தால் ஒன்றுதான் நம்மவர் என்றால், சரியான ஐந்து பதிவுக்குப் பதினைந்து படம், 22.50 பவுண்டு. ஐந்தே பதிவு வேண்டியவருக்கும் சந்தாதான் லாபம். அரிதான பெயர், திறந்ததெல்லாம் நம்மவர் என்றால் அதே ஐந்துக்கு 7.50 பவுண்டு. ஆக, உங்கள் குடும்பப் பெயர் எவ்வளவு பொதுவானது என்பதுதான் கணக்கின் முக்கியமான எண்.

பெரிய கணக்கும் ஒன்று போட்டுப் பாருங்கள். பெற்றோரிலிருந்து நாலு தலைமுறை மேலே போனால் 2, 4, 8, 16 என்று 30 பேர். 30 பிறப்பு, 15 திருமணம், 30 இறப்பு, மொத்தம் 75 பதிவு. ஸ்காட்லாந்து விலையில் 112.50 பவுண்டு. ஒரே நாளில் செலவழித்தால் பெரிய தொகை. இரண்டு மூன்று ஆண்டில், ஒவ்வொன்றாக யோசித்து எடுத்தால் அப்படித் தெரியாது.

எண்ணில் வராத ஒரு செலவும் உண்டு. ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு என்றால் மனம் சுருங்கிவிடும். அண்ணன் தம்பிகளின் பதிவைப் பார்க்க மாட்டோம், அடுத்த வீட்டைப் பார்க்க மாட்டோம். ஆனால் தாத்தாவின் பிறந்த ஊர் தாத்தாவின் பதிவில் இல்லாமல், அவருடைய தங்கையின் பதிவில் இருக்கும். மைத்துனர் அடுத்த வீட்டில் குடியிருப்பார். இங்கிலாந்தில் 1841 முதல் 1901 வரையான கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளரின் ஏடு. ஒரு படம் எடுத்தாலே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அதே பக்கத்தில் வரிசையாக இருக்கும். 1911, 1921-ல் கிடைப்பது குடும்பத் தலைவர் நிரப்பிய படிவம். ஒரு படம், ஒரு வீடு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்கு மறுபடி காசு. பக்கக் கட்டணத்தில் எடுக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

ஐந்தாம் படி: பக்கக் கட்டணத்தைப் பயன்படுத்தும் விதம்

எழுத்துப்படியும் படமும் தனித்தனி விலையில் இருந்தால் படத்தையே வாங்குங்கள். ஒரு தளத்தில் நான் மலிவாக இருக்கிறதே என்று எழுத்துப்படியை வாங்கினேன். ஒரு பையனின் வயது 3 என்றிருந்தது. நம் கணக்குக்கு ஒத்துவரவில்லை, வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிட்டேன். மூன்று மாதம் அலைந்த பிறகு, வேறு வழியில்லாமல் அதே பதிவின் படத்தை வாங்கினேன். மூலத்தில் தெளிவாக 8 என்று எழுதியிருந்தது. இரண்டு முறை காசு, மூன்று மாதம் நேரம். 1921 போன்ற பதிவில் வேலை கொடுத்தவர் பெயரும் வேலை செய்த இடமும் இருக்கும். அவற்றைப் படிவம் நிரப்பிய குடும்பத் தலைவரின் கையெழுத்திலேயே பார்ப்பதற்குக் கொடுக்கும் ஒரு பவுண்டு அதிகம் இல்லை.

ஒரு படத்தைத் திறக்குமுன் அட்டவணையிலேயே முடிந்தவரை வடிகட்டுங்கள். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் இறப்பு, கன்னிப் பெயரிலும் கணவர் பெயரிலும் அட்டவணையில் ஏறியிருக்கும். இரண்டு பெயரிலும் தேடி, இரண்டிலும் அதே பதிவு வட்டம், அதே ஆண்டு, அதே பதிவு எண் வந்தால் அவர்தான். அதன் பிறகு 6 கிரெடிட்டை நிம்மதியாகக் கொடுக்கலாம்.

தேவைக்கு மேல் கிரெடிட் வாங்கிக் குவிக்க வேண்டாம். அவற்றுக்குக் காலாவதி உண்டு. ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் இரண்டு ஆண்டு. தனியார் தளங்கள் பலவற்றில் அதைவிடக் குறைவு. தவறான ஆளின் படத்தைத் திறந்துவிட்டால் கிரெடிட் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தவறான படத்தையும் 'இவர் இல்லை' என்று குறித்துச் சேமித்து வையுங்கள், ஓராண்டு கழித்து அதையே மறுபடி வாங்காமல் இருக்க.

ஆறாம் படி: சந்தாவை ஒரே மூச்சில் பிழிவது

துழாவல் பட்டியல் சேர்ந்ததும், தொடர்ந்து நாலைந்து வார இறுதி உங்களுக்கு ஓய்வாக இருக்கும் மாதமாகப் பார்த்து ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். இலவச சோதனைக் காலம் கொடுக்கும் தளமென்றால் அதையும் அந்த மாதத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், வெறுமனே வேடிக்கை பார்க்கச் செலவழிக்காதீர்கள். ஆண்டுச் சந்தா, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று பிரித்துக் காட்டும்போது மலிவாகத் தெரியும். ஆறு மாதக் கட்டணத்துக்கு ஓராண்டு தருகிறார்கள் என்றால், நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து தேடுவீர்களா என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலோர் மாட்டார்கள்.

சந்தா நடக்கும்போது தயக்கமே வேண்டாம். சகோதரர்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், அதே தெருவில் அதே தொழில் செய்தவர்கள் என எல்லோரையும் திறந்து பாருங்கள். கிடைத்த ஒவ்வொரு படத்தையும் அன்றே உங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். தளத்திலுள்ள உங்கள் குடும்ப மரத்தோடு இணைத்துவிட்டேனே என்று இருந்துவிடாதீர்கள். சந்தா முடிந்த மறுநாள் மரம் இருக்கும், அதில் தொங்கும் படங்கள் திறக்காது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, குடும்பப் பெயர், பதிவு வகை, ஊர், காப்பகக் குறியீடு என்ற வரிசையில் வையுங்கள். இங்கிலாந்தின் 1881 கணக்கெடுப்பு ஆர்ஜி 11, 1921 ஆர்ஜி 15, 1939 பதிவேடு ஆர்ஜி 101. இந்த எண்ணோடு தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருந்தால், நாளைக்கு அந்தத் தளமே மூடிப்போனாலும் மூலத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஏழாம் படி: நிறுத்தும் நாள்

சந்தாக்கள் பெரும்பாலும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை சேவை தொடருமா என்று நிறுத்தும் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். சோதனைக் காலத்தில் மட்டும் சில இடங்களில் நிறுத்திய நொடியே கதவு மூடிவிடும், அதைப் படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். நிறுத்தியதற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் புதிய தேடல் வேண்டாம். பட்டியலை வைத்து, இறக்காமல் விட்ட படம் ஏதும் உண்டா என்று மட்டும் சரிபாருங்கள்.

பக்கக் கட்டணத் தளத்தில் ஆறோ பன்னிரண்டோ கிரெடிட் மிச்சமிருந்து காலாவதி நெருங்கினால், சிறு வயதில் இறந்துபோன குழந்தைகளின் பதிவை எடுங்கள். மரத்தில் கிளை விடாதவர்கள் என்பதால் எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவிடும் பதிவுகள் அவை. குடும்பம் அந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தது, தந்தை என்ன வேலை பார்த்தார், யார் போய் மரணத்தைப் பதிவு செய்தார் என்பதெல்லாம் அந்தச் சின்னக் கட்டங்களில் இருக்கும்.